இணையவழி விற்பனையும் வங்கி வைப்பும்: வேறுபாட்டை இணக்குதல்

மாணவர்களே! காசேட்டின் மீதியும் வங்கிக் கூற்றின் மீதியும் ஏன் வேறுபடுகின்றன என்பதை வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்னும் பாடத்தில் கற்றுள்ளீர்கள். தேறாத காசோலைகள், சமர்ப்பிக்கப்படாத காசோலைகள், வங்கிக் கட்டணங்கள், நேரடி வைப்புகள் என்பன அதற்கான காரணங்களாகும். இணையவழியில் பொருள் விற்பவரின் கணக்கிலும் இத்தகைய வேறுபாடு தோன்றுகின்றது. அங்கு காசோலை இல்லை. ஆயினும் இணக்கும் முறை ஒன்றே.

1. பணம் வரும் வழி

வாடிக்கையாளர் இணையத்தளத்தில் கடனட்டை மூலம் செலுத்தும் பணம் பொதுவாக வியாபாரியின் வங்கிக் கணக்கை நேரே சென்றடைவதில்லை. இடையில் கொடுப்பனவுச் சேவை நிறுவனம் ஒன்று உண்டு. அது பணத்தைப் பெற்று, தனது தரகைக் கழித்து, பல விற்பனைகளின் தொகையை ஒன்றாகச் சேர்த்து, சில வேலைநாட்களின் பின்னர் வங்கியில் வைப்பிலிடும். இலங்கையில் கொடுப்பனவு முறைமைகளை 2005 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டத்தின் கீழ் மத்திய வங்கி மேற்பார்வை செய்கின்றது.

ஆகவே ஒரு விற்பனை தொடர்பாக மூன்று ஆவணங்கள் உள்ளன.
(அ) கடையின் கட்டளைப் பட்டியல் – மொத்த விற்பனையைக் காட்டும்.
(ஆ) நிறுவனத்தின் தீர்ப்பனவு அறிக்கை – கழிவுகளையும் அனுப்பிய தேறிய தொகையையும் காட்டும்.
(இ) வங்கிக் கூற்று – உண்மையில் வந்து சேர்ந்த பணத்தைக் காட்டும்.

2. வேறுபாட்டுக்கான காரணங்கள்

(i) தரகு: இது வியாபாரியின் செலவினமாகும்.
(ii) உட்திரும்பல்: பொருளைத் திருப்பியவருக்கு மீளளித்த தொகையை நிறுவனம் அடுத்த வைப்பில் கழித்துக் கொள்ளும்.
(iii) காலவேறுபாடு: மாத இறுதி விற்பனைக்கான பணம் அடுத்த மாதமே வங்கிக்கு வரும். வார இறுதியும் போயா விடுமுறையும் இடையில் வந்தால் மேலும் தாமதமாகும்.
(iv) வழு அல்லது விடுபடல்: வரவேண்டிய வைப்பு வராதிருத்தல்.

முதல் மூன்றும் இயல்பானவை. நான்காவது அவ்வாறன்று, அது வியாபாரி இழக்கக்கூடிய பணம். முதல் மூன்றையும் சரியாகப் பிரித்தெடுத்தால் மட்டுமே நான்காவது வெளிப்படும்.

3. உதாரணம்

யாழ்ப்பாணத்தில் பனைசார் உற்பத்திகளை விற்கும் வியாபாரி ஒருவர் மார்ச் 1 ஆந் திகதி இணையவழி விற்பனையை ஆரம்பித்தார் எனக் கொள்வோம். கட்டளை கிடைத்த அன்றே பொருள் அனுப்பப்படும்.

மார்ச் மாத விற்பனை ரூபா 250,000
தரகு, விற்பனையில் 3%
மீளளித்த தொகை ரூபா 6,000 (இதற்கான தரகு திரும்பக் கிடைக்காது)
மார்ச் 30, 31 ஆந் திகதிகளின் விற்பனை ரூபா 30,000 (பணம் ஏப்ரலில் கிடைத்தது)
வங்கிக் கூற்றின்படி மார்ச் மாத வைப்புகள் ரூபா 197,700

விற்பனை நடந்ததும் பணத்தைத் தரவேண்டியவர் கொடுப்பனவுச் சேவை நிறுவனமே. எனவே பேரேட்டில் அதற்கெனத் தனிக்கணக்கு ஒன்றைத் திறத்தல் வேண்டும். அது கடன்பட்டோர் கணக்கைப் போன்றது.

கொடுப்பனவுச் சேவை நிறுவனக் கணக்கு

வரவு:
விற்பனை 250,000

செலவு:
தரகு 7,500
உட்திரும்பல் 6,000
வங்கி 197,700
மீதி கீ/கொ/செ 38,800
மொத்தம் 250,000

இனி, இம்மீதி எவற்றால் ஆனது என ஆராய்வோம்.

மார்ச் 31 இல் கணக்கின் மீதி 38,800
கழி: மார்ச் 30, 31 விற்பனையின் தேறிய தொகை (30,000 – 900) 29,100
விளக்கப்படாத தொகை 9,700

இத்தொகையைத் தரகு என்றோ தாமதம் என்றோ கூற முடியாது. 9,700 ஐ 0.97 ஆல் வகுத்தால் 10,000 கிடைக்கும். ஆகவே ரூபா 10,000 பெறுமதியான விற்பனைக்குரிய பணம் வரவில்லை என ஊகிக்கலாம். கட்டளைப் பட்டியலைத் தீர்ப்பனவு அறிக்கையுடன் கட்டளை இலக்க ஒழுங்கில் ஒப்பிட்டு விடுபட்ட கட்டளையை அல்லது கட்டளைகளைக் கண்டுபிடித்து, நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும்.

4. மாணவர் பொதுவாக விடும் தவறு

வங்கிக்கு வந்த 197,700 ஐயே விற்பனை எனப் பதிதல் பெருந்தவறாகும். அவ்வாறு பதிந்தால்,
• விற்பனை 52,300 ஆல் குறைத்துக் காட்டப்படும்.
• தரகும் உட்திரும்பலும் ஏட்டில் இடம்பெறா.
• 38,800 ரூபா நடைமுறைச் சொத்து நிதிநிலைமைக் கூற்றில் விடுபடும்.
• இலாபமும் அதே 38,800 ஆல் குறையும்.

இதைவிடக் கேடானது, வராத 9,700 ரூபாவை எவரும் தேடமாட்டார். ஏடு வங்கிக் கூற்றுடன் பொருந்தியிருப்பதால் எல்லாம் சரியெனவே தோன்றும். வங்கிக் கூற்றைப் பார்த்து எழுதிய ஏட்டைக் கொண்டு வங்கிக் கூற்றைச் சரிபார்க்க முடியாது என்பதை மனதிற் கொள்க.

5. நினைவிற் கொள்ள வேண்டியவை

• விற்பனையை மொத்தத் தொகையில் பதிக. தேறிய தொகையில் பதிய வேண்டாம்.
• விற்பனை நடந்த திகதியில் பதிக. பணம் வந்த திகதியில் பதிய வேண்டாம் (தேறல் எண்ணக்கரு).
• தனிக்கணக்கின் மீதியிலுள்ள ஒவ்வொரு ரூபாவுக்கும் காரணம் எழுதுக. காரணம் எழுத முடியாத தொகையைச் செலவினமாகப் பதிந்து சமப்படுத்தாதீர்கள்.

பயிற்சி வினா

ஒரு மாத இணையவழி விற்பனை ரூபா 80,000, தரகு 2.5%, மீளளித்த தொகை ரூபா 3,000 (தரகு திரும்பக் கிடைக்காது), வங்கி வைப்புகள் ரூபா 60,375. மாதத்தின் இறுதி நாள் விற்பனையான ரூபா 10,000 க்குரிய பணம் அடுத்த மாதம் கிடைத்தது. ஆரம்ப மீதி இல்லை. நிறுவனக் கணக்கின் இறுதி மீதியையும் விளக்கப்படாத தொகையையும் காண்க.

விடை: மீதி = 80,000 – 2,000 – 3,000 – 60,375 = 14,625. விளக்கப்படாத தொகை = 14,625 – 9,750 = 4,875. இது ரூபா 5,000 விற்பனையின் தேறிய தொகைக்குச் சமனாகும்.