தலையசைத்தால் புரிந்ததாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, ரெட்டியார்சத்திரத்தை அடுத்த சிற்றூரிலிருந்து பூந்தோட்டத் தொழிலாளி ஒருவர் நீரிழிவுச் சிகிச்சைக்காக என்னிடம் வந்தார். பிறவியிலேயே செவித்திறன் அற்றவர். முகக்கவசம் அணிந்தவாறே மருந்துமுறையை விளக்கினேன். அவரும் தலையசைத்துக்கொண்டே இருந்தார். காலைக்கும் இரவுக்குமான மாத்திரைகளை அவர் ஒருசேர விழுங்கிவந்தார் என்பதை, இரத்தச் சர்க்கரை தாழ்ந்து மயங்கிய நிலையில் அவரைத் தூக்கிவந்தபோதுதான் அறிந்தேன். பிழை அவருடையதன்று, என்னுடையது.

உதட்டசைவைக் கண்டே புரிந்துகொள்வார்கள் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகிறோம். ‘மாலை’, ‘பாலை’ என்னும் சொற்களைக் கண்ணாடிமுன் ஒலியின்றிச் சொல்லிப் பாருங்கள். உதடுகள் ஒரே விதமாகவே அசையும். ‘க’ போன்ற ஒலிகள் அடிநாவில் பிறப்பதால் கண்ணுக்கே புலப்படா. எழுதிக் காட்டுவது உதவும்; எனினும், சைகை மொழியிலேயே வளர்ந்தவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழியே ஆகும்.

கனடாவில் செவித்திறனற்ற தாய் ஒருவர், சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே குறைமாத இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுக்க நேர்ந்தது. அவரும் வாதியாயிருந்த எல்ட்ரிட்ஜ் வழக்கில், தேவைப்படும் இடத்தில் அத்தகைய மொழிபெயர்ப்பை வழங்கியாக வேண்டும் என்று 1997இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் தடையற்ற அணுகலையும், சிகிச்சையில் முன்னுரிமையையும் வலியுறுத்துகிறது. ஆகவே, பின்வருவனவற்றைத் தயங்காமல் கேளுங்கள்:

• பதிவுச் சீட்டில் செவித்திறன் குறைபாட்டைக் குறிக்கச் செய்யுங்கள். பெயரைக் கூவாமல், அருகில் வந்து அழைக்கச் சொல்லுங்கள்.

• மருத்துவர் உங்கள் முகம் பார்த்து, இயன்றவரை முகக்கவசம் விலக்கிப் பேசட்டும்.

• மாத்திரை உறையில் காலைக்குச் சூரியனையும் இரவுக்கு நிலவையும் வரைந்து வாங்குங்கள்.

• பெற்றோரின் நோயைச் சொல்லும் சுமையைக் குழந்தைமேல் ஏற்றாதீர்கள். சைகை மொழி அறிந்த பெரியவர் உடன் வரட்டும்.

• காக்ளியர் கருவி பொருத்தியிருந்தால், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன் கட்டாயம் தெரிவியுங்கள்.

• ‘புரிந்ததா?’ என்ற கேள்வியோடு நிறுத்தாமல், புரிந்ததைச் செய்துகாட்டும் வாய்ப்பைக் கேளுங்கள்.

அந்தத் தொழிலாளி இப்போதும் என்னிடம் வருகிறார். புறப்படுமுன் மாத்திரைகளை மேசைமீது பரப்பி, எது சூரியனுக்கு, எது நிலவுக்கு எனச் சுட்டிக்காட்டுகிறார். இப்போது தலையசைப்பது நான்.