"கை கழுவிட்டு வா, கதை சொல்றேன்!"

லீவு நாளில் லைப்ரரியில் கலக்கும் பிளஸ்-2 பிள்ளைகள்

(நமது நிருபர்)

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சென்னையில் வீட்டுக்கு வீடு கேட்கும் சத்தம் ஒன்றுதான். "டேய், வெயில்ல அலையாதே!"

அலையாமல் எங்கே போவான்? ஒண்டுக் குடித்தனம். இருப்பது ஒரே அறை. கடற்கரைக்குச் சாயங்காலம்தான் போகலாம். சினிமாவுக்குக் காசு வேண்டும். செல்போனையும் அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள். தெருக்கோடி கிளை நூலகமோ பெரியவர்கள் பேப்பர் படிக்கும் இடம். சின்னப் பையன் எட்டிப் பார்த்தால் "உஸ்!" என்று ஒரு அதட்டல்.

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டப்படி வசூலாகும் பணம் இது. வாடகை கொடுப்பவரும் சுற்றி வளைத்து இதில் பங்கு கொடுத்தவர்தான். பிறகு அவர் பிள்ளை ஏன் வாசலோடு திரும்ப வேண்டும்?

பீரோவில் பூட்டு

காரணம், குழந்தைகள் புத்தக பீரோவில் தொங்கும் பூட்டு! நூலகர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பல கிளைகளில் ஒருவரே ஆள். பதிவேடு எழுத வேண்டும், புத்தகம் கொடுக்க வேண்டும், வாங்கி அடுக்க வேண்டும். இதில் 40 குழந்தைகள் திபுதிபுவென்று நுழைந்தால் யார் பார்ப்பது? "கணக்கெடுக்கும்போது புத்தகம் குறைஞ்சா என் கைக்காசுதான் சார்" என்கிறார் ஒருவர். அந்தப் பயம் நியாயமானதுதான்.

கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம். ஆனால் வடசென்னைக் குழந்தை தினமும் அங்கே போக முடியுமா? அதற்குத் தெருக்கோடி நூலகம்தான் கதி.

வாசலில் வாளித் தண்ணீர்

வடசென்னையில் அப்படி ஒரு நூலகம். பெயர் வேண்டாம் என்றார் நூலகர் அம்மா. பரீட்சை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிளஸ்-2 பிள்ளைகள் சிலரைக் கூப்பிட்டு, பீரோவைத் திறந்துவிட்டார்.

காலை 10 மணி. வாசலில் ஒரு வாளித் தண்ணீர். பக்கத்தில் ஒரு மாணவி.

"கையை நீட்டு. மாங்கா தின்னியா? மிளகாத்தூள் ஒட்டியிருக்கு பாரு. கழுவிட்டு வா, கதை சொல்றேன்."

சிரிப்பு வருகிறதா? அமெரிக்காவில் கிளீவ்லாந்து நூலகம் 1897-ல் குழந்தைகளுக்கென்று ஒரு சங்கம் வைத்தபோது, அங்கேயும் சுத்தமான கையும் சுத்தமான புத்தகமும்தான் முதல் பாடம்!

உள்ளே, ஆறேழு குழந்தைகளுக்கு ஒரு அண்ணன் அல்லது அக்கா. முதலில் ஒரு கதை, வாய்விட்டு, கை கால் ஆட்டி. அப்புறம் குழந்தைகளே அடுக்கில் கைவைத்து எடுக்கலாம். எடுத்த புத்தகத்தின் எண்ணையும் எடுத்தவன் பெயரையும் ஒரு நோட்டில் குறிக்கிறார்கள். அபராதக் காசைத் தொடும் வேலை பிள்ளைகளுக்கு இல்லை. ரேக் துடைக்க, டீ வாங்கி வரச் சொல்வதும் இல்லை. (பல இடங்களில் 'தொண்டு' என்றால் டீ வாங்குவதுதான்!) பெற்றோர் கையெழுத்து வாங்கியாகிவிட்டது. கதை நடப்பது நூலகர் கண்பார்வையில், திறந்த கூடத்தில். இருட்டும் முன் எல்லோரும் வீட்டுக்கு.

வாசகரே அடுக்குக்குப் போய்ப் புத்தகம் எடுக்கட்டும் என்று சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வழிவிட்டவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் நூலகர் ஆனவர். அந்த வழி குழந்தைகள் பீரோவுக்கு வந்து சேர இத்தனை காலம்!

ரிசல்ட் வந்தால்...

ஒரு சிக்கல் உண்டு. ரிசல்ட் வந்ததும் அண்ணன், அக்காக்கள் காணாமல் போய்விடுகிறார்கள். காலேஜ் விண்ணப்பம், ஐ.டி.ஐ., பாட்டி ஊர். அதனால் ஒரு நாளைக்கு இருவர் என்று ஜோடி போட்டிருக்கிறார் நூலகர். ஒருவர் போனாலும் ஒருவர் இருப்பார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரையும் பழக்கி வைத்திருக்கிறார்.

இரண்டாவது வாரம் பயந்தது நடந்தது. நோட்டில் எழுதிய ஒரு படக்கதைப் புத்தகம் திரும்பவில்லை. எடுத்துப் போன பையனும் வரவில்லை. மூன்றாம் வகுப்பு. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். "நான் போய்ப் பார்க்கிறேன் மேடம்" என்று கிளம்பினான் ஒரு பிளஸ்-2 பையன்.

புத்தகம் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. தங்கச்சிப் பாப்பா இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட்டாள். "காசு கேப்பாங்கன்னு ஒளிச்சு வச்சிட்டேண்ணா" என்று அழுதிருக்கிறான் பொடியன்.

நூலகர் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மைதாப் பசை காய்ச்சி எடுத்து வந்தார். கிழித்த பக்கத்தை ஒட்டும் வேலை அந்தப் பையனுக்கே. கோணல்மாணலாகத்தான் ஒட்டினான். அன்றைக்கே அடுத்த புத்தகம் கையில் கொடுத்து அனுப்பினார்.

"கணக்குல அது கிழிஞ்ச புத்தகம்தான். மேல கேட்டா பதில் சொல்லிக்கிறேன்" என்கிறார். பீரோ திறந்தே இருக்கிறது.

கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று பிள்ளைகளை அழைத்துப் போய் ஏமாற வேண்டாம்.