கடன் ஆலோசனையும் நொடிப்பிற்கான மாற்று வழிகளும்

கடன் ஆலோசனை என்பது, வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையை அடைந்த அல்லது அந்நிலையை நெருங்கும் ஒருவரின் வரவு, செலவு, சொத்து, கடன் ஆகியவற்றை ஆராய்ந்து, அவருக்கு உள்ள சட்ட வழிகளையும் சமரச வழிகளையும் எடுத்துரைக்கும் பணி ஆகும். கடனாளி நீதிமன்றத்தின் வழியே தன்னைக் கடன் தீர்க்க இயலாதவர் என அறிவிக்கச் செய்வது நொடிப்பு அல்லது திவால் எனப்படும். தமிழகப் பேச்சு வழக்கில் இது "மஞ்சள் கடுதாசி கொடுத்தல்" என்றும் "ஐ.பி. கொடுத்தல்" என்றும் வழங்கப்படுகிறது. நொடிப்பு கடைசி வழியாகவே கருதப்படுகிறது. அதற்கு முன் ஆராய வேண்டிய மாற்று வழிகளை, புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலைப் பகுதியின் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

விராலிமலை, திருச்சிராப்பள்ளி – மதுரை நெடுஞ்சாலையில், முருகன் கோயிலால் அறியப்பட்ட ஊர் ஆகும். இதன் சுற்றுப்புறங்களில் மழையையும் கண்மாய்களையும் நம்பிய வேளாண்மையும், அண்மைக் காலத்தில் வளர்ந்த தொழிற்சாலை வேலையும் மக்களின் வருவாய்க்கு அடிப்படையாக உள்ளன. இத்தகைய பகுதியில் ஒரே குடும்பம் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், வங்கியில் நகைக்கடன், மகளிர் குழுக் கடன், நுண்கடன் நிறுவனக் கடன், தனியாரிடம் கைமாற்று எனப் பலவகைக் கடன்களை ஒருங்கே சுமப்பது இயல்பு. ஒவ்வொரு கடனுக்கும் பொருந்தும் சட்டம் வேறு என்பதே ஆலோசனையின் தேவைக்கு முதற் காரணம் ஆகும்.

வரலாறு

சென்னை மாகாணத்தில் 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தால் விளைபொருள் விலை வீழ்ந்து, உழவர் கடன் பெருகியது. இதனைத் தொடர்ந்து 1936இல் கடன் சமரசச் சட்டமும், இராசகோபாலாச்சாரி அமைச்சரவைக் காலத்தில் 1938இல் சென்னை வேளாளர் நிவாரணச் சட்டமும் இயற்றப்பட்டன. 1932 அக்டோபர் 1ஆம் நாளுக்கு முற்பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதையும் பின்னைய சட்டம் நீக்கியது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் அக்கடன் முழுதும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது.

விராலிமலை அக்காலத்தில் புதுக்கோட்டை சமத்தானத்தில் இருந்தமையால், மாகாணச் சட்டங்கள் அங்கு தாமாகச் செல்லுபடியாகவில்லை. சமத்தானம் 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்துடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974 சனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று.

நொடிப்புச் சட்டம்

சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும், பிற பகுதிகளுக்கு 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டமும் பொருந்தும். ஆகவே விராலிமலையில் வாழும் ஒருவருக்கு உரியது 1920ஆம் ஆண்டுச் சட்டம் ஆகும். இவ்விரு சட்டங்களுக்கும் மாற்றாக நொடிப்பு மற்றும் திவால் நெறித்தொகுப்பு 2016இல் இயற்றப்பட்டது. எனினும் அதன் தனிநபர் பகுதி, நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றோருக்கு மட்டுமே 2019 திசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது.

1920ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடன் தொகை 500 ரூபாயை எட்டியிருந்தாலோ, தீர்ப்பாணையை நிறைவேற்றும் நடவடிக்கையில் கடனாளி கைது செய்யப்பட்டிருந்தாலோ, அவரது சொத்து பற்றுகை செய்யப்பட்டிருந்தாலோ அவர் மனு அளிக்கலாம். நீதிமன்றம் அவரை நொடித்தவர் என அறிவித்ததும், அவரது சொத்து நீதிமன்றத்திடமோ சொத்தாட்சியரிடமோ சேர்கிறது. சொத்தை விற்ற தொகை கடன் கொடுத்தோருக்குப் பங்கிடப்படும். பின்னர் நீதிமன்றம் அளிக்கும் விடுவிப்பு ஆணையால் எஞ்சிய கடனிலிருந்து அவர் விடுபடுகிறார்.

நொடிப்பால் தீராதவை

நொடிப்பு எல்லாச் சுமையையும் நீக்கிவிடும் என்பது பரவலான தவறான கருத்து ஆகும்.

* அரசுக்குச் செலுத்த வேண்டிய கடனும், மோசடியால் ஏற்பட்ட கடனும், வாழ்க்கைப்படிப் பொறுப்பும் விடுவிப்பு ஆணையால் தீருவதில்லை.
* அடமானம் பெற்றவரின் உரிமை பாதிக்கப்படுவதில்லை. அடகு வைத்த நிலத்தையோ நகையையோ நொடிப்பு மனு மீட்டுத் தராது.
* பிணைக் கையொப்பம் இட்டவர் விடுபடுவதில்லை. கடனாளி தப்பினாலும், பிணை நின்ற மைத்துனரோ உடன் பணியாற்றுபவரோ முழுத் தொகைக்கும் பொறுப்பாவார்.
* காசோலை திரும்பிய வழக்கு குற்றவியல் வழக்கு ஆதலால், நொடிப்பு மனுவால் நின்றுவிடாது.
* மனுவுக்கு முன் உறவினர் பெயருக்குச் சொத்தை மாற்றுவது பயன் தராது. இரண்டு ஆண்டுகளுக்குள் உரிய மறுபயனின்றிச் செய்த மாற்றத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம்.

விடுவிப்புப் பெறாத நொடித்தவர் சட்டமன்றம், நாடாளுமன்றம் ஆகியவற்றில் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் ஆவார்.

கடன்களை வகைப்படுத்துதல்

ஆலோசனையின் முதற்படி, எல்லாக் கடன்களையும் ஒரே தாளில் எழுதுவது ஆகும். கடன் கொடுத்தவர், அசல், இதுவரை செலுத்தியது, வட்டி வீதம், ஈடு, பிணையாளர், கடைசியாகப் பணம் செலுத்திய நாள் ஆகியன அதில் இடம்பெற வேண்டும். அவ்வாறு எழுதும்போதுதான் வட்டியின் உண்மை அளவு புலப்படுகிறது. "மூன்று வட்டி" என்பது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய். அதாவது ஆண்டுக்கு 36 விழுக்காடு. தண்டலில் 10,000 ரூபாய்க்கு எழுதிக்கொண்டு 8,500 ரூபாய் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் வாங்கினால், ஆண்டு வட்டி ஏறத்தாழ 120 விழுக்காடு ஆகிறது. கூட்டுறவுப் பயிர்க்கடனை விட்டுவிட்டுத் தண்டலை முதலில் அடைப்பதா, நிலத்தின் மீதுள்ள அடமானத்தை முதலில் மீட்பதா என்பதை இக்கணக்கே முடிவு செய்ய உதவும்.

கடைசியாகப் பணம் செலுத்திய நாளும் முதன்மையானது. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, கடனுறுதிச் சீட்டின் மீது பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் காலக்கெடு புதிதாகத் தொடங்கும். ஆகவே வெற்றுத் தாளிலோ புதிய சீட்டிலோ கையொப்பம் இடுமுன் ஆலோசனை பெறுவது இன்றியமையாதது.

மாற்று வழிகள்

தவணை மாற்றம்: வருவாய் குறைந்த காலத்தில் தவணைக் காலத்தை நீட்டிக்குமாறு வங்கியிடம் எழுத்து வடிவில் வேண்டலாம். இந்திய ரிசர்வ் வங்கியின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகள், இயற்கைப் பேரிடரில் பயிர் இழப்பு 33 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், குறுகிய காலப் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்ற இடமளித்தன. அவ்வாண்டு நவம்பரில் கசா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைத் தாக்கியது.

ஒரே தவணைத் தீர்வு: வாராக்கடன் என வகைப்படுத்தப்பட்ட கடனில், வட்டியின் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து, குறிப்பிட்ட தொகையை ஒரே முறையாகச் செலுத்தி முடிப்பது இதுவாகும். கடன் தீர்ந்தமைக்கான சான்றையும் ஆவணங்களையும் திரும்பப் பெறுதல் வேண்டும். இத்தகைய தீர்வு கடன் வரலாற்று அறிக்கையில் பதிவாகும்.

மக்கள் நீதிமன்றம்: 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி நடைபெறும் மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் உடன்பட்டால் வழங்கப்படும் தீர்வு, உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது. அதன் மீது மேல்முறையீடு இல்லை. வழக்கிற்குச் செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மேல்முறையீடு இல்லாமையால், செலுத்த இயலாத தவணைக்கு அங்கு உடன்படுவது தீங்காகவே முடியும்.

கடன் கொடுத்தோருடன் ஒப்பந்தம்: நொடிப்பு அறிவிக்கப்பட்ட பின்னரும், மெய்ப்பிக்கப்பட்ட கடன்களுக்கு உரியோரில் எண்ணிக்கையில் பெரும்பான்மையினரும், கடன் மதிப்பில் நான்கில் மூன்று பங்கினரும் ஏற்றால், குறைத்த தொகைக்கு உடன்பாடு காண 1920ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. நீதிமன்றத்தின் ஒப்புதலும் இதற்கு வேண்டும்.

மொய் விருந்து: புதுக்கோட்டை மாவட்டத்தின் கீழைப் பகுதிகளான கீரமங்கலம், வடகாடு ஆகியவற்றிலும், தஞ்சாவூர் மாவட்டப் பேராவூரணிப் பகுதியிலும் ஆடி மாதத்தை ஒட்டி நடைபெறும் வழக்கம் இது. விருந்துக்கு வருவோர் அளிக்கும் மொய் குறிப்பேட்டில் எழுதப்பட்டு, அவரவர் விருந்தில் சற்றுக் கூட்டித் திருப்பி அளிக்கப்படுகிறது. வட்டியில்லாப் பெருந்தொகை ஒருங்கே கிடைப்பினும், இதுவும் திருப்பித் தர வேண்டிய கடனே ஆகும்.

கடன் தள்ளுபடி: 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. இத்தகைய அறிவிப்புகள் தனியார் கடனைத் தொடுவதில்லை. ஆதலால் இவற்றை எதிர்பார்த்துத் திட்டமிடுவது இடர் மிக்கது.

கடனாளியின் பாதுகாப்பு

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, உடைகள், சமையற் பாத்திரங்கள், மதவழக்கப்படி பெண் கழற்றலாகாத அணிகலன், கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்க்கருவிகள், விதைத் தானியம், அவர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றைப் பற்றுகையிலிருந்து விலக்குகிறது. எனினும் தாமே அடமானம் வைத்த வீட்டிற்கு இப்பாதுகாப்பை நம்ப இயலாது. பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைச் சிறையிடல் ஆகாது. நேர்மையாகவே செலுத்த இயலாதவரைக் கடனுக்காகச் சிறையிடுவது முறையன்று என உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது.

கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றின் வழியே மிகைவட்டி வாங்குவோருக்கு, 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை பற்றி முறையிட்டு வந்த ஒரு குடும்பம் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியரகத்தில் உயிர் நீத்த நிகழ்வு, சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது என்பதைக் காட்டியது. கடன் வழங்கும் நிறுவனங்களின் வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. நுண்கடனைப் பொறுத்தவரை, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு அழைப்பதை ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகள் தடை செய்தன. குடும்பத்தின் மாதத் தவணைகள் அதன் மாத வருவாயில் பாதியை மிஞ்சலாகாது என்றும் அவை வரையறுத்தன.

ஆலோசனை பெறும் இடங்கள்

ரிசர்வ் வங்கி 2009இல் நிதிக் கல்வி மற்றும் கடன் ஆலோசனை மையங்களுக்கான திட்டத்தை வகுத்தது. 2012இல் இவை நிதிக் கல்வி மையங்களாகச் சீரமைக்கப்பட்டன. புதுக்கோட்டை மாவட்டத்தின் முன்னோடி வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி ஆகும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர் ஆகியோர் இலவச சட்ட உதவி பெறலாம். இதன் உதவி எண் 15100. வங்கியோ நிதி நிறுவனமோ முறையீட்டிற்கு 30 நாட்களில் தக்க விடை தராவிடின், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம். கடன் நெருக்கடியால் மனம் தளர்ந்தோர் 14416 என்னும் மனநல உதவி எண்ணில் பேசலாம்.

பிற நாடுகளில்

அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனிநபர் திவால் மனு அளிப்பதற்கு முந்தைய 180 நாட்களுக்குள் கடன் ஆலோசனை பெற்றிருத்தல் கட்டாயம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 2021 மே மாதம் முதல், ஆலோசகரை அணுகும் தகுதியுள்ள கடனாளிக்கு 60 நாள் இடைவெளி வழங்கப்படுகிறது. அக்காலத்தில் பெரும்பாலான வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிறுத்தப்படும். இந்தியாவில் இத்தகைய கட்டாய இடைவெளி தனிநபர் கடனாளிகளுக்குப் பொதுவாக இல்லாமையால், முதல் தவணை தவறும் முன்பே ஆலோசனையை நாடுவது கூடுதல் பயன் தரும்.