சுங்கமில்லா வாயில்

யு.எஸ்.பி. என்னும் மூன்றெழுத்தை அறியாதார் இன்று அரியர். கம்ப்யூட்டரோடு அச்சியந்திரமும் பிற கருவிகளும் கூடுவது பெரும்பாலும் அவ்வாயில் வழியே. அதை வகுத்தோரில் முதன்மையானவர் ஸ்ரீ அஜய் பட். பரோடா மஹாராஜா சயாஜிராவ் சர்வகலாசாலையில் பயின்று, நியூயார்க்கில் மேற்படிப்பு முடித்து, 1990-ல் அமெரிக்காவின் இண்டெல் கம்பெனியில் உத்தியோகம் ஏற்றார்.

அந்நாளில் கருவிக்கொரு வடம், வடத்துக்கொரு வாயில். சொந்த வீட்டில் அச்சியந்திரத்தை இணைக்கப் பட்ட பாடே அவரைச் சிந்திக்கத் தூண்டிற்று. இண்டெல், ஐ.பி.எம்., மைக்ரோஸாப்ட் உள்ளிட்ட ஏழு கம்பெனிகள் ஒன்றுகூடின. 1996-ல் பொது விதி வெளியாயிற்று. ஒரு கம்ப்யூட்டரில் 127 கருவிகள் வரை இணைக்க அவ்விதி இடங்கொடுத்தது.

இதனினும் பெரிய விஷயம் ஒன்றுண்டு. இண்டெல் இதற்கு உரிமைப்பணம் கேட்கவில்லை. ஆகவே போட்டியாளரும் தயங்காது ஏற்றனர். அதே காலத்தில், இதைவிட வேகம் மிக்க பயர்வயர் என்னும் இணைப்புக்கு, வாயில் ஒன்றுக்கு ஒரு டாலர் வீதம் கேட்டது ஆப்பிள் கம்பெனி. பின்னர் தொகை குறைக்கப்பட்டும் பயனில்லை. நாளடைவில் அது வழக்கொழிந்தது.

2013-ல் ஐரோப்பியப் பேடண்ட் ஆபீஸ் வழங்கிய விருதை ஸ்ரீ பட் தம் சகாக்களோடு பகிர்ந்துகொண்டார். கோடானுகோடி வாயில்கள் அமைந்தும், அவற்றால் அவருக்குத் தனிச்செல்வம் சேரவில்லை.

பரோடாவில் பயின்றவர் என்று நாம் மார்தட்டுவது எளிது. அறிவு கடல் கடந்ததே என்று பெருமூச்செறிவதும் எளிது. கற்கவேண்டிய பாடம் வேறு. சுங்கம் கேட்கும் வாயிலில் சிலரே நுழைவர். திறந்த வாயிலில் உலகமே நுழையும். நமது சாஸ்திரிகளும் முதலாளிகளும் இதை மனத்திற் கொள்வார்களா?