பழைய காரின் சின்னக் கதவு

மும்பையிலிருந்து புனே நகருக்குப் போகும் பழைய சாலை, கண்டாலா மலைமேல் ஏறிப் போகிறது. ஏற்றத்தில் பழைய கார்கள் திணறும். சில கார்களில் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்துவிடும்.

இப்படிக் கொதித்தால் பலரும் எஞ்சினில் உள்ள தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். "நம் நாட்டு வெயிலுக்கு இது எதற்கு?" என்பார்கள்.

இது சரியா?

தெர்மோஸ்டாட் என்றால் என்ன?

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரிகிறது. எஞ்சின் சூடாகிறது. அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. பிறகு ரேடியேட்டருக்குப் போய் ஆறுகிறது. ஆறிய தண்ணீர் மீண்டும் எஞ்சினுக்கு வருகிறது.

இந்த வழியில் உள்ள சின்னக் கதவுதான் தெர்மோஸ்டாட். பலவற்றில் மெழுகு அடைத்த சிறு குப்பி இருக்கும். தண்ணீர் சுமார் 80 டிகிரி சூடானதும் மெழுகு உருகிப் பெருக்கும். கதவு திறக்கும். ஆறினால் மெழுகு சுருங்கும். ஸ்பிரிங் கதவை மூடிவிடும்.

கழற்றினால் என்ன ஆகும்?

புனேயில் கோடையில் வெயில் கடுமை. ஆனால் மார்கழி, தை மாதக் காலைகளில் நல்ல குளிர். கதவு இல்லாவிட்டால், எஞ்சின் சூடாகும் முன்பே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறிவிடும். எஞ்சின் பதமான சூட்டுக்கு வர நெடுநேரம் ஆகும். பெட்ரோல் அதிகம் செலவாகும். எரியாத பெட்ரோல், சிலிண்டர் சுவரில் படிந்த ஆயிலைக் கழுவிவிடும். சிலிண்டர் தேயும்.

சில எஞ்சின்களில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. எஞ்சின் சூடானதும் தெர்மோஸ்டாட்தான் அந்த வழியை அடைக்கும். அது இல்லாவிட்டால், சுடுதண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே எஞ்சினுக்குத் திரும்பும். அப்போது கொதிப்பு இன்னும் கூடும்!

எல்லாக் கார்களுக்கும் இது வேண்டுமா?

வேண்டாம். ஃபோர்டு மாடல் டி கார் 1908 முதல் 1927 வரை தயாரானது. அதில் தெர்மோஸ்டாட் கிடையாது. பெரும்பாலான மாடல் டி கார்களில் தண்ணீர் பம்பும் இல்லை. சூடான தண்ணீர் தானே மேலே ஏறும். ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். இந்த ஓட்டம் மெதுவானது. இதில் கதவு வைத்தால் ஓட்டம் தடைப்படலாம்.

காரைச் செய்தவர்கள் தெர்மோஸ்டாட் வைத்திருந்தால் அது இருக்கட்டும். வைக்காவிட்டால் புதிதாக வைக்க வேண்டாம்.

கொதித்தால் என்ன செய்வது?

முதலில் எஞ்சினை ஆற விட வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

பிறகு காரணத்தைத் தேட வேண்டும். ரேடியேட்டரில் துரு அடைத்திருக்கலாம். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம். தெர்மோஸ்டாட்டே திறக்காமல் சிக்கியிருக்கலாம்.

அதைச் சோதிப்பது எளிது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். தண்ணீரைச் சூடாக்க வேண்டும். கொதி வந்தும் கதவு திறக்காவிட்டால் அது கெட்டுப்போனது. அதே அளவில் புதியதைப் போட வேண்டும்.

அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-இல் நின்றது. பிரீமியர் பத்மினி அதற்கு முன்பே நின்றுவிட்டது. இவற்றின் எஞ்சின் கெட்டால் மாற்று எஞ்சின் தேடி அலைய வேண்டும். தெர்மோஸ்டாட்டின் விலையோ மிகக் குறைவு.

சின்னக் கதவுதான். ஆனால் அது காப்பது பெரிய எஞ்சினை.