விளையாட்டுக்குள் போன வீட்டுப் பணம்

கிழக்கு கிட்வாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸுகளை இடித்துவிட்டு அடுக்கு மாளிகைகள் எழுப்பியாகிவிட்டது. மாலையில் பெஞ்சில் கூடும் நம்மவர்களின் பேச்சு மட்டும் மாறவில்லை. டி.ஏ., தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இடம், பிள்ளைகளின் படிப்பு. அண்மையில் குமாஸ்தா நண்பர் ஒருவர் புதுக் குறை ஒன்றைக் கொண்டுவந்தார்.

"சார், பையன் என் போனில் வைரம் வாங்கியிருக்கிறான். நாலாயிரத்துச் சொச்சம் போயிற்று. வைரம் எங்கேடா என்றால், விளையாட்டுக்குள் இருக்கிறது என்கிறான்!"

ஊரில் தாயாருக்கு அனுப்ப வைத்திருந்த பணமாம் அது.

இந்த வியாபாரம் புதிதல்ல. 2009 ஜூனில் ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் என்ற பண்ணை விளையாட்டு வந்தது. ஊரில் இருந்த காணியை விற்றுவிட்டுத் தலைநகரம் வந்தவர்கள்கூட, ஆபீஸ் கம்ப்யூட்டரில் பயிர் செய்தார்கள்! விளையாட்டு இலவசம். ஆனால் அதில் நாணயம் இரண்டு வகை. ஒன்று உழைத்துச் சேர்ப்பது. மற்றொன்று அசல் பணம் கொடுத்து வாங்குவது. நேரத்துக்கு அறுக்காவிட்டால் பயிர் வாடும். காத்திருக்கப் பொறுமையில்லாதவன் பணம் கட்டுவான். 2011 ஜூலை முதல் ஃபேஸ்புக் தன் சொந்த 'கிரெடிட்' நாணயத்தையே விளையாட்டுக் கம்பெனிகள் பயன்படுத்த வேண்டும் என்று விதித்து, நூற்றுக்கு முப்பது எடுத்துக்கொண்டது. 2020 டிசம்பர் 31 அன்று அந்தப் பண்ணை மூடப்பட்டது. பணம் போட்டு வாங்கிய மாடும் மரமும் அத்தோடு போயின.

ரூபாயை வைரமாகவும் நாணயமாகவும் மாற்றுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாற்றியபின் விலை கண்ணுக்குத் தெரிவதில்லை. வேண்டிய பொருளுக்குச் சரியாக வரும்படி பொட்டலமும் விற்கமாட்டார்கள். மிச்சம் கொஞ்சம் நிற்கும். அதைச் செலவழிக்க இன்னொரு பொட்டலம் வாங்கத் தோன்றும். திரும்ப ரூபாயாக்க வழி கிடையாது.

2020-ல் பஞ்சாபின் கரார் ஊரில், அரசு ஊழியர் ஒருவரின் பதினேழு வயது மகன் பப்ஜி விளையாட்டில் பதினாறு லட்ச ரூபாயைக் கரைத்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். தாயாரின் போனுக்கு வந்த பாங்கு குறுஞ்செய்திகளைப் பையன் அழித்துவந்தானாம். அவ்வாண்டு செப்டம்பரில் பப்ஜி தடை செய்யப்பட்டது. ஆனால் தடைக்குச் சொன்ன காரணம் நாட்டின் பாதுகாப்பு; பெற்றோரின் பணம் அல்ல.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களுக்குத்தான் தடை விதிக்கிறது. திரும்பப் பணமாக்க முடியாத வைரம் அதில் சிக்காது. அமெரிக்காவில், குழந்தைகள் அனுமதியின்றி வாங்கியவற்றுக்காக ஆப்பிள் கம்பெனி குறைந்தது மூன்றேகால் கோடி டாலர் திருப்பித்தர 2014-ல் சம்மதித்தது. ஒருமுறை கடவுச்சொல் போட்டால், அடுத்த பதினைந்து நிமிடம் கேள்வியின்றி வாங்க வழி இருந்ததே அங்கே புகார்.

நண்பரின் போனில் பார்த்தோம். கார்டு எண் சேமிக்கப்பட்டிருந்தது. வாங்கும்போது கடவுச்சொல் கேட்கும் வசதி அணைந்திருந்தது. பிளே ஸ்டோரின் அமைப்புகளில் போய், ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றினோம். கார்டையும் நீக்கினோம். பணம் திரும்பக் கேட்டு கூகுளுக்கு உடனே மனுப்போடச் சொன்னோம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் என்றால் காரியம் சுலபம். நண்பருக்கோ நாலு நாள் கடந்திருந்தது. விளையாட்டுக் கம்பெனிக்கே எழுதியிருக்கிறார்.

பையனை அடித்தீர்களா என்று கேட்டோம்.

"இல்லை சார். கடவுச்சொல்லை அவனிடம் கொடுத்தது நான்தானே" என்றார்.