கணக்கில் 120, அலமாரியில் 90!

மாணவர்களே, முதலில் ஓர் எளிய கணக்கு. ஒரு மருத்துவமனைக் கிடங்கின் குளிரறையில் 100 பெட்டி இன்சுலின் இருக்கிறது. காலையில் 20 பெட்டிகள் வந்து சேர்கின்றன. 30 பெட்டிகள் வார்டுகளுக்குப் போகின்றன. மீதம் 90 என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஆனால், கணினி 120 என்று காட்டக்கூடும். எப்படி?

சரக்கைப் பெறும் ஊழியரும் அனுப்பும் ஊழியரும் ஒரே நேரத்தில் பதிவைத் திறக்கிறார்கள். இருவர் திரையிலும் 100. அனுப்பியவர் 30ஐக் கழித்து, 70 என்று சேமிக்கிறார். அடுத்த நொடியில் பெற்றவர், தம் திரையில் உள்ள 100உடன் 20ஐக் கூட்டி, 120 என்று சேமிக்கிறார். முன்பு பதிந்த 70 அழிந்துவிடுகிறது. இருவரும் சரியாகத்தான் கணக்கிட்டார்கள். இருப்பு மட்டும் தவறிவிட்டது!

இல்லாத 30 பெட்டிகளை நம்பினால், புதிய மருந்து வாங்குவது தள்ளிப்போகும். நோயாளிக்கு ஊசி தேவைப்படும் நாளில் அலமாரி காலியாக இருக்கும்.

இதற்குத் தீர்வு என்ன? மீதத்தைத் திருத்தி எழுதுவதற்குப் பதிலாக, மாற்றத்தைப் பதிய வேண்டும். '+20', '−30' என்று ஒவ்வொன்றும் தனி வரி. அதனுடன் தேதி, நேரம், பதிந்தவர் பெயர். 100 + 20 − 30 என்றாலும், 100 − 30 + 20 என்றாலும் விடை 90தான். யார் முந்தினாலும் கவலையில்லை.

30 என்பதை 40 என்று தவறாகப் பதிந்துவிட்டால்? பழைய வரியை அழிக்கக்கூடாது. '+10, திருத்தம்' என்று புதிய வரி சேர்க்க வேண்டும். அப்போதுதான் தவறு எங்கே நேர்ந்தது என்று பின்னர் தேடிப் பார்க்க முடியும்.

பொருளின் எண்ணையே தவறாகத் தட்டினால்? அதைக் காட்டிக்கொடுக்கத்தான் பட்டைக் குறியீட்டின் 13ஆவது இலக்கம் இருக்கிறது. வீட்டில் உள்ள ஒரு பால்மாவு டின்னை எடுங்கள். மலேசியாவில் பதிவான நிறுவனத்தின் எண் 955 என்றும், சிங்கப்பூரில் பதிவானது 888 என்றும் தொடங்கும். இடமிருந்து முதல் 12 இலக்கங்களில், 2, 4, 6, 8, 10, 12ஆம் இடங்களில் உள்ளவற்றை 3ஆல் பெருக்குங்கள். மற்றவற்றை அப்படியே கூட்டுங்கள். மொத்தத்துடன் எதைச் சேர்த்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகுமோ, அதுவே 13ஆவது இலக்கம். ஓர் இலக்கம் பிசகினாலும் கணக்கு ஒத்துவராது.

இத்தனைக்குப் பிறகும், உடைந்த குப்பியும் காணாமற்போன பெட்டியும் தாமாகக் கணினியில் பதியா. ஆகவே, அவ்வப்போது அலமாரியில் உள்ளதைக் கையால் எண்ணி, பதிவுடன் ஒப்பிட்டே ஆகவேண்டும். உங்கள் பள்ளி ஆய்வகத்தின் சோதனைக்குழாய்களில் இதைத் தொடங்கிப் பாருங்களேன்!